ஐஸ் கட்டியைக் கப்பல் ஏற்றிய டியூடர்

சென்னைக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. அதன் முகப்பு வளைந்து வட்டமாக இருக்கும். அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு மக்கள் சொல்லும் பெயர் வேறு. ஐஸ் அவுஸ்!

கொளுத்தும் வெயில் அடிக்கும் சென்னையில் ஐஸுக்கு ஒரு வீடா?

ஆம். ஒரு காலத்தில் அந்தக் கட்டிடம் நிறைய ஐஸ் பாளங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை சென்னையில் செய்தவை அல்ல. அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் தாமாகவே உறைந்தவை. அவற்றை வெட்டி எடுத்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு இங்கே கொண்டு வந்தார்கள். பயணம் சுமார் நான்கு மாதம். அப்போது மின்சார விளக்கு கிடையாது. குளிர்சாதனப் பெட்டி கிடையாது. சூயஸ் கால்வாய்கூட வெட்டப்படவில்லை.

இந்த அதிசய வியாபாரத்தைத் தொடங்கியவர் ஒருவர். அவரை ஊரே பைத்தியம் என்றது. அவர் இரண்டு தடவை சிறைக்குப் போனார். கடைசியில் ஐஸ் ராஜா என்று பெயர் வாங்கினார். அவர்தான் பிரெடரிக் டியூடர்.

படிப்பு வேண்டாம்

டியூடர் 1783-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை வக்கீல். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சட்ட அதிகாரியாக இருந்தவர்.

சகோதரர்கள் புகழ் பெற்ற ஹார்வர்டு கல்லூரிக்குப் போனார்கள். பிரெடரிக் போகவில்லை. 13-வது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். வியாபாரம்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

1801-ல் அண்ணன் ஜானுக்கு முழங்காலில் நோய். கடல் பயணம் நல்லது என்று நினைத்து, பிரெடரிக் அவரை அழைத்துக்கொண்டு கியூபா தீவுக்குப் போனார். அங்கே வெயில் வாட்டி எடுத்தது. சில மாதங்களில் இருவரும் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். மறு ஆண்டு ஜான் இறந்து போனார். வெப்ப நாட்டில் மக்கள் படும் பாடு என்ன என்பது பிரெடரிக்கின் மனதில் பதிந்துவிட்டது.

அண்ணன் சொன்ன யோசனை

பாஸ்டன் குளிர் மிகுந்த ஊர். குளிர்காலம் வந்தால் ஏரி, குளம் எல்லாம் கல்லாக உறைந்துவிடும். பணக்காரர்கள் அந்த ஐஸை வெட்டி நிலவறையில் சேமித்து வைப்பார்கள். கோடைக்காலத்தில் எடுத்துப் பானத்தில் போட்டுக் குடிப்பார்கள்.

1805-ல் டியூடர் குடும்பத்தில் ஒரு பேச்சு எழுந்தது. இந்த ஐஸை வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றால் என்ன? மூத்த அண்ணன் வில்லியம் இதை விளையாட்டாகச் சொன்னார். பிரெடரிக் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஐஸ் வியாபாரத்துக்கென்று தனி நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 21.

ஏரியில் உறைந்த ஐஸுக்கு அப்போது விலை கிடையாது. வெட்டுகூலி மட்டும்தான். அதைத் தங்கமாக மதிக்கும் ஊர்கள் கடலுக்கு அப்பால் இருந்தன. நடுவில் இருந்த ஒரே தொல்லை, வழியில் அது தண்ணீராகிவிடும் என்பதுதான்!

கப்பல் தர மறுத்தார்கள்

டியூடர் கப்பல் முதலாளிகளைத் தேடிப் போனார். ஒருவரும் ஐஸை ஏற்றச் சம்மதிக்கவில்லை. ஐஸ் உருகித் தண்ணீரானால் மற்ற சரக்குகள் நாசமாகும். கப்பலும் மூழ்கிவிடலாம். அதுதான் அவர்கள் பயம்.

டியூடர் சளைக்கவில்லை. 4,000 டாலருக்கு மேல் கொடுத்துச் சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்கினார். அதன் பெயர் பேவரிட். அதில் 130 டன் ஐஸை ஏற்றி, வைக்கோலால் மூடினார். 1806-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கப்பல் மார்ட்டினிக் தீவுக்குப் புறப்பட்டது. மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவு.

பாஸ்டன் நகரமே சிரித்தது. பத்திரிகையும் கேலி செய்தது.

உப்பில் புதைத்த ஐஸ்

மூன்று வாரம் கழித்துக் கப்பல் மார்ட்டினிக் போய்ச் சேர்ந்தது. ஐஸும் போய்ச் சேர்ந்தது! டியூடர் பாதி வெற்றி பெற்றுவிட்டார்.

மறு பாதி கைநழுவிப் போயிற்று. இறக்கிய ஐஸை வைக்க அந்தத் தீவில் ஒரு கிடங்கு இல்லை. கப்பலிலிருந்தே நேராக விற்க வேண்டியதாயிற்று. வாங்கிய மக்களோ ஐஸைக் கண்ணால் கண்டது இல்லை. ஒருவர் அதை நட்ட நடு வெயிலில் வீட்டுக்கு எடுத்துப் போய், வாசலில் தட்டில் வைத்துவிட்டு, கரைகிறதே என்று குறைப்பட்டார். இன்னொருவர் தொட்டித் தண்ணீரில் போட்டார். மற்றொருவர் கெடாமல் இருக்கட்டும் என்று உப்பில் புதைத்தார்! உப்புப் பட்டால் ஐஸ் இன்னும் விரைவில் உருகும் என்பது அவருக்குத் தெரியாது.

டியூடர் ஒரு பூங்கா உணவு விடுதிக்காரருக்கு ஐஸ்கிரீம் செய்ய வழி காட்டினார். முதல் இரவே 300 டாலருக்கு விற்பனை ஆயிற்று. ஆனாலும் முழுக் கணக்குப் பார்த்தபோது, சுமார் 4,000 டாலர் நஷ்டம்.

அந்தப் பணத்தைக் கொடுத்து டியூடர் ஒரு பாடம் கற்றார். சரக்கு போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவருக்கு அதை வைத்துக்கொள்ளும் இடமும் வேண்டும், முறையும் தெரிய வேண்டும்.

சிறைக் கதவு திறந்தது

அடுத்து வந்தவை துன்ப ஆண்டுகள். நிலங்களை வாங்கி விற்பதில் தந்தை சொத்தை எல்லாம் இழந்தார். 1807 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளிநாட்டுக் கப்பல் வாணிபத்துக்குத் தடை போட்டது. டியூடரின் தொழில் படுத்துவிட்டது. கடன் ஏறியது.

அக்காலத்தில் கடனைத் திருப்பித் தராதவர்களைச் சிறையில் போடுவார்கள். 1812-லும் 1813-லும் டியூடர் சிறை புகுந்தார். வெளியே வந்தபோது கையில் பணம் இல்லை. நல்ல பெயரும் இல்லை. மிச்சம் இருந்தது அந்த நாட்குறிப்பும் பிடிவாதமும்தான்.

1815-ல் எப்படியோ 2,100 டாலர் கடன் திரட்டினார். கடன்காரர்களும் அதிகாரிகளும் தேடிக்கொண்டிருக்க, அவர் கியூபாவின் அவானா நகருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

வீட்டுக்குள் வீடு

இந்தத் தடவை ஐஸ் வருவதற்கு முன்பே அதற்கு வீடு கட்டினார். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வெப்பத்தைத் தடுக்கும் பொருளை நிரப்பினார். உள்ளே சுமார் 150 டன் ஐஸ் வைக்கலாம். உருகும் தண்ணீர் எவ்வளவு என்று அடிக்கடி அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். கதவைத் திறந்தால் எவ்வளவு உருகுகிறது, மூடினால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கணக்கு எடுத்தார்.

விற்பனைக்கும் ஒரு தந்திரம் செய்தார். பானக் கடைக்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்தார். குளிர்ந்த பானத்தையும் சாதாரணப் பானத்தையும் ஒரே விலைக்கு விற்கச் சொன்னார். குளிர்ந்த பானத்தைக் குடித்துப் பழகியவர் மறுபடி வெதுவெதுப்பானதைத் தொடுவாரா? வாடிக்கை பெருகியது.

அழுகிய பழங்கள்

கொஞ்சம் பணம் வந்ததும் அடுத்த ஆசை பிறந்தது. ஐஸைக் கொண்டுவரும் கப்பல் ஏன் வெறுமையாகத் திரும்ப வேண்டும்? கியூபாவின் பழங்களை ஐஸில் வைத்து நியூயார்க்குக்கு அனுப்பினால் என்ன?

1816-ல் 100-க்கு 40 வட்டிக்கு 3,000 டாலர் கடன் வாங்கினார். எலுமிச்சை, ஆரஞ்சு, வாழை முதலிய பழங்களை ஐஸோடும் வைக்கோலோடும் ஏற்றினார். பயணம் ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. கப்பலைத் திறந்தபோது பெரும்பாலான பழங்கள் அழுகிக் கிடந்தன.

பறித்த பழம் உயிரற்ற பொருள் அல்ல. பறித்த பின்னும் அது மூச்சு விடும். அதிலிருந்து வெப்பம் பிறக்கும். ஈரமும் சேர்ந்துகொண்டால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஐஸைப் பத்திரமாக அனுப்புவது வேறு, ஐஸில் வைத்து மற்றொரு பொருளைப் பத்திரமாக அனுப்புவது வேறு. டியூடர் கடனோடு கடனாக இதையும் தெரிந்துகொண்டார்.

ஆனாலும் ஐஸை விடவில்லை. 1817-ல் சார்ல்ஸ்டன், அதன் பிறகு சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களில் ஐஸ் வீடுகள் எழுந்தன.

மரத்தூளின் மகிமை

வைக்கோல், மரச்சீவல், உமி என்று பலவற்றையும் அக்காலத்தில் ஐஸைச் சுற்றி அடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் மரத்தூள் வென்றது. மர அறுப்பு ஆலைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய தூள் அது. அதன் துகள்களுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும் காற்று, வெளி வெப்பத்தை உள்ளே விடாது. நம் ஊரில் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் மரத்தூள் நனைந்தால் பயன் இல்லை. ஆகையால் உருகும் நீர் தேங்காமல் வடிந்துவிட வேண்டும்.

1820-களில் டியூடருக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. அவர் பெயர் நத்தேனியல் வைத். அவர் ஐஸை அறுக்க ஒரு கலப்பை செய்தார். உறைந்த ஏரியின் மேல் குதிரை அதை இழுத்துச் செல்லும். நேர்கோடாகப் பள்ளம் விழும். பாளங்கள் எல்லாம் ஒரே அளவில் செங்கல் மாதிரி வந்தன. முன்பு டன்னுக்கு 30 சென்ட் ஆன வெட்டுகூலி 10 சென்ட் ஆயிற்று.

அதைவிடப் பெரிய லாபம் வேறு. ஒரே அளவுப் பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாம். காற்று புக இடம் இல்லை. உருகுவது குறைந்தது. கப்பல் ஆடினாலும் சரக்குச் சரியவில்லை.

ஐஸ் எளிதில் உருகும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பிடிவாதம் உள்ள பொருள். ஒரு கிலோ ஐஸை உருக்க வேண்டிய வெப்பத்தைக் கொண்டு, உருகிய அதே ஒரு கிலோ தண்ணீரை ஏறக்குறைய 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்! வெப்பம் மெதுவாக உள்ளே வந்தால், பெரிய ஐஸ் குவியல் மாதக்கணக்கில் தாங்கும். டியூடரின் வியாபாரம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நின்றது.

கல்கத்தாவில் கோலாகலம்

1833-ம் ஆண்டு மே 12-ந் தேதி டஸ்கனி என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் 180 டன் ஐஸ். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்க வேண்டும்.

செப்டம்பர் மாதம் கப்பல் கல்கத்தா வந்தது. ஏறக்குறைய 100 டன் ஐஸ் உருகாமல் இருந்தது!

அதுவரை கல்கத்தாவில் இருந்தவர்களுக்குக் கிடைத்த ஐஸ் வேறு வகை. குளிர்கால இரவுகளில் அகலமான மண் சட்டிகளில் தண்ணீரை ஊற்றித் திறந்த வெளியில் வைப்பார்கள். விடியற்காலையில் மேலே மெல்லிய ஏடாக உறைந்திருக்கும். அதைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். கண்ணாடி போன்ற அமெரிக்கப் பாளங்களைக் கண்டதும் நகரம் வியந்தது. ஐஸுக்குச் சுங்க வரி வேண்டாம் என்றும், வெயில் படாமல் இரவில் இறக்கிக்கொள்ளலாம் என்றும் அரசு அனுமதி கொடுத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங், ஐஸைக் கொண்டுவந்தவருக்கு ஒரு கோப்பையைப் பரிசு அளித்தார். நகரத்தார் பணம் திரட்டி ஐஸ் வீடு கட்டிக் கொடுத்தார்கள். பின்னர் ஐஸோடு ஆப்பிளும் வெண்ணெயும்கூடக் கடல் கடந்து வந்தன.

காப்பியில் விழுந்த அடி

1834-ல் டியூடருக்குத் திருமணம் நடந்தது. அவருக்கு வயது 50. அதே காலத்தில் மற்றோர் இடி விழுந்தது. காப்பி விலை ஏறும் என்று நம்பி ஏராளமாக வாங்கி வைத்திருந்தார். விலை சரிந்தது. 2 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம்!

மறுபடியும் கடன். ஆனால் இந்தத் தடவை சிறை இல்லை. கடன் கொடுத்தவர்கள் அவருடைய ஐஸை நம்பினார்கள். தொழிலை நடத்திக்கொண்டே தவணையில் கட்டட்டும் என்று விட்டார்கள். ஏறக்குறைய 15 ஆண்டுகள் உழைத்து, வட்டியோடு கடனைத் தீர்த்தார். அந்தக் கடனைத் தீர்க்க உதவிய ஊர்களில் முதன்மையானது கல்கத்தா.

இந்தக் காலத்தில்தான், 1842-ல், சென்னைக் கடற்கரையில் ஐஸ் வீடு எழுந்தது. பம்பாயிலும் ஒன்று எழுந்தது.

டியூடர் எல்லோருக்கும் இனியவர் என்று சொல்ல முடியாது. போட்டியாளர்களை அடியோடு விரட்டப் பார்ப்பார். போகும் ஊர்களில் எல்லாம் தனக்கு மட்டுமே விற்கும் உரிமை வேண்டும் என்று கேட்பார். ஆனால் தோல்வியை ஒளித்து வைக்காமல் எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் குணம் அவரிடம் இருந்தது.

1864-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, 80-வது வயதில் டியூடர் காலமானார். பின்னர் ஐஸ் செய்யும் யந்திரங்கள் வந்தன. 1878-ல் கல்கத்தாவிலேயே ஐஸ் கம்பெனி தோன்றியது. அமெரிக்க ஐஸ் வருவது நின்றது. சென்னை ஐஸ் வீடு கைமாறி, வக்கீல் பிலிகிரி அய்யங்காரின் மாளிகை ஆயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-ல் அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது.

நனைக்காத ஐஸ்

இக்காலத்தில் மருந்தும், மீனும், ஐஸ்கிரீமும் ஊர் விட்டு ஊர் போக வேறு ஓர் ஐஸ் உதவுகிறது. அதற்கு டிரை ஐஸ் என்று பெயர். உலர்ந்த ஐஸ் என்று பொருள். அது தண்ணீர் உறைந்தது அல்ல. நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவை உறைய வைத்தது. 1835-ல் திலோரியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். 1920-களில் அது கடைச்சரக்கு ஆயிற்று. 2020-ல் கொரோனா தடுப்பு மருந்துகளில் ஒன்றை உலகெங்கும் அனுப்ப உதவியதும் அதுதான்.

அதன் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரிக்கும் மேல். அது உருகித் தண்ணீர் ஆவதில்லை. நேராக வாயுவாக மாறிவிடும். டியூடரின் பழங்களை நனைத்த தொல்லை இதில் இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் அதிகமான வாயுவாக விரியும். காற்றுப் புகாதபடி பெட்டியை இறுக மூடினால் பெட்டி வெடித்துவிடும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையிலும், கண்ணாடி ஏற்றிய காரிலும் தரையோடு தேங்கி, நல்ல காற்றைத் தள்ளிவிடும். அங்கே இருப்பவர் மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆகையால் டிரை ஐஸை வெப்பம் தடுக்கும் தடித்த பெட்டியில் வைக்க வேண்டும். வாயு வெளியேற வழி விட வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது. தொட்டால் தீப்பட்டது போலத் தோல் வெந்துவிடும். தடித்த கையுறை வேண்டும். பெட்டியின் மேல் உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு எடை என்று எழுத வேண்டும். மீதி இருந்தால் சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ போடாமல், குழந்தைகள் நெருங்காத திறந்த வெளியில் வைத்துவிட்டால் தானாகவே மறைந்துவிடும்.

இன்னொன்று. எல்லா மருந்துக்கும் இந்தக் குளிர் ஆகாது. பல தடுப்பு மருந்துகள் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. உறைந்தால் கெட்டுவிடும். அவற்றோடு டிரை ஐஸ் வைப்பது, மருந்தைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம்.

மூன்று பாடங்கள்

வெப்பம் உள்ளே வராமல் தடு. உருகி வருவது வெளியே போக வழி விடு. வாங்குகிறவருக்கு முறையைச் சொல்லிக் கொடு. டியூடர் பணத்தையும் மானத்தையும் இழந்து கற்ற பாடங்கள் இவை மூன்றுதான். ஐஸ் மாறிவிட்டது. கப்பல் மாறிவிட்டது. பாடம் மாறவில்லை.

அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது, ஐஸ் அவுஸ் என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சிறைக்குப் போய் வந்த பிறகும் ஒரு மனிதர் தம் யோசனையைக் கைவிடவில்லை. அதனால்தான் அந்த இடத்துக்கு அந்தப் பெயர்.